கண்ணில் விழும் பூ

"கண்ணுல பூ விழுந்திருச்சு" என்கிறோம். பூ தானாக விழுகிறது, தள்ளியவர் யாருமில்லை. மருத்துவச் சொல்லாடலின் 'லுகோமா'வும் அப்படித்தான். வெள்ளை என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. கருவிழித் தழும்பின் நிறத்தைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. இந்தப் பூவின் வரலாற்றை நான் சோற்றுத் தட்டிலிருந்து வாசிக்கிறேன். பெரியம்மை போட்ட பூக்கள் தனிக்கதை (1977இல் இந்தியாவில் அம்மை ஒழிந்ததாக அறிவித்தார்கள்). மற்றது வைட்டமின் ஏ கிடைக்காத குழந்தை உடல்: முதலில் மாலைக்கண், பிறகு கருவிழி வறண்டு, இளகி, கரையும், ஆறினால் வெள்ளைத் தழும்பு. யாரோட பிள்ளைங்கன்னு சொல்லணுமா?

குன்னூர் ஆய்வகத்தின் அய்க்ராய்டும் சென்னைக் கண் மருத்துவர் ரைட்டும், கருவிழி இளகிய நோயாளிகளுக்குச் செம்பனை எண்ணெய் கொடுத்துச் சிகிச்சை செய்ததை 1937லேயே எழுதியிருக்கிறார்கள். ஆக, காரணம் தெரியாம நடந்ததில்லை. அடுத்த முப்பது வருசம் பூ விழுந்துகொண்டேதான் இருந்தது. 1970இல் மத்திய அரசு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2 லட்சம் அலகு வைட்டமின் திரவத்தைக் குழந்தைகளின் வாயில் ஊற்றும் திட்டத்தைத் தொடங்கியது. பல கண்களைக் காத்திருக்கும், மறுக்கல. பாலும் முட்டையும் அந்தத் தட்டுக்கு ஏன் வரலை என்ற கேள்வியைத்தான் அந்தக் கரண்டி தொடவில்லை.