பனியாறுகளும் உறைநிலமும்: ரேடார் செயற்கைக்கோள் கண்காணிப்பு

மேகமூட்டத்திலும் துருவ இரவிலும் தடைபடாத ரேடார் அலைகளைச் செயற்கைக்கோளிலிருந்து அனுப்பி, பனியாறுகளின் ஓட்டத்தையும் உறைநிலத்தின் ஏற்ற இறக்கத்தையும் அளக்கும் முறை. ஒரே இடத்தை ஏறக்குறைய ஒரே பாதையிலிருந்து இருமுறை படமெடுத்து, திரும்பிவரும் அலைகளின் கட்ட வேறுபாட்டைக் கணக்கிட்டு, அதில் மேடுபள்ளத்தின் பங்கைக் கழித்தால், இடைப்பட்ட நாட்களில் தரை எவ்வளவு நகர்ந்தது என்பது கிடைக்கும். அலைநீளம் 5.6 செ.மீ. என்றால், இந்தக் கட்ட வேறுபாட்டைக் காட்டும் குறுக்கீட்டுப் படத்தின் ஒவ்வொரு வரியும் ரேடார் பார்க்கும் திசையில் 2.8 செ.மீ. நகர்வைக் குறிக்கும். இத்துறையின் வரலாற்றைக் கருவிகள் நுண்மை பெற்ற கதையாகச் சொல்வதே வழக்கம். ஆனால் செயற்கைக்கோள் எத்தனை நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்குத் திரும்பியது என்பதே, எதை அறிய முடிந்தது என்பதைப் பெரிதும் முடிவுசெய்ததாகச் சான்றுகள் காட்டுகின்றன.

1978இல் அமெரிக்கா ஏவிய சீசாட் என்ற ரேடார் செயற்கைக்கோள் மூன்றரை மாதங்களில் செயலிழந்தது. 1991 ஜூலையில் ஐரோப்பிய விண்வெளி முகமை ஏவிய ஈ.ஆர்.எஸ்.-1 தான் இத்துறைக்கு உண்மையான தொடக்கம். அதன் வழக்கமான சுழற்சி 35 நாள் என்றாலும், 1992இன் தொடக்கத்திலும் 1994இன் தொடக்கத்திலும் பனி ஆய்வுக்காக மூன்று நாள் சுழற்சியில் அது இயக்கப்பட்டது. மேற்கு அண்டார்க்டிகாவின் ரட்ஃபோர்டு பனியோடையைப் பற்றி கோல்ட்ஸ்டைன், எங்கல்ஹார்ட், காம்ப், ஃப்ரோலிச் ஆகியோர் 1993இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட கட்டுரை அந்த முதல் பருவத்தின் விளைச்சல். ஆறு நாள் இடைவெளியில் எடுத்த இரு படங்களே அதன் அடிப்படை. நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் நகரும் பனியின் வேகம், முன்பு களத்தில் அளந்த வேகத்தோடு ஓரளவு நன்றாகவே ஒத்துப்போனது. செங்குத்து நகர்வில் 1.5 மி.மீ. வரை பிரித்தறியலாம் என்று அவர்கள் மதிப்பிட்டனர். அதைவிட அருமையான செய்தி அந்தப் படத்தின் ஓரத்தில் இருந்தது. பாறைமேல் அமர்ந்த பனி கடலில் மிதக்கத் தொடங்கும் இடத்தில் வரிகள் நெருங்கி அடர்ந்திருந்தன. மிதக்கும் பகுதியைக் கடலின் ஏற்றவற்றம் தூக்கி இறக்கியதன் தடம் அது. தடித்த பனிக்கு அடியில் மறைந்திருக்கும் அந்தத் தரைதொடு எல்லையை, மேற்பரப்பின் அசைவே காட்டிக்கொடுத்தது.

1995இல் ஈ.ஆர்.எஸ்.-2 சேர்ந்தபின் இரு செயற்கைக்கோள்களும் ஒருநாள் இடைவெளியில் ஒரே தடத்தில் சென்றன. 1992 முதல் 1996 வரையிலான படங்களைக் கொண்டு, மேற்கு அண்டார்க்டிகாவின் பைன் ஐலண்டு பனியாற்றின் தரைதொடு எல்லை ஆண்டுக்குச் சுமார் 1.2 கி.மீ. வீதம் பின்வாங்கியதாக எரிக் ரிக்னோ 1998இல் அறிவித்தார். ஆண்டுக்கு இரண்டரை கி.மீ. அளவில் ஓடிக்கொண்டிருந்த பனி அது. 35 நாள் இடைவெளியில் இருநூறு மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். அப்போது இரு படங்களின் கட்டங்களும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. இந்தப் பின்வாங்கல் எப்போது தொடங்கியது என்பது வேறு கேள்வி. கடலடி வண்டலை ஆராய்ந்தோர் 1940களைச் சுட்டுகின்றனர். அப்படியானால் செயற்கைக்கோள்கள் பதிந்தது இடைப்பகுதியை மட்டுமே. மனிதரால் நேர்ந்த வெப்பமயமாதலுக்கு இதில் எவ்வளவு பங்கு என்பதை இப்பதிவு மட்டும் கொண்டு கூற இயலாது.

கட்டத்தை விட்டுவிட்டு, படத்தின் புள்ளிக்கோலம் எவ்வளவு இடம்பெயர்ந்தது என்று தேடினால் நீண்ட இடைவெளியிலும் வேகம் கிடைக்குமே என்பது நியாயமான மறுப்பு. 2011இல் வெளியான அண்டார்க்டிகாவின் முழு வேக வரைபடத்துக்கு அம்முறை பெரிதும் உதவியது. ஆனால் அதன் பிழை மீட்டர் கணக்கில் அமைவது. ஏற்றவற்றத்தின் மெல்லிய அசைவை அது எட்டாது. தரைதொடு எல்லையைத் துல்லியமாகக் குறிக்கக் குறுகிய இடைவெளியில் எடுத்த கட்டப் படங்களே தேவைப்படுகின்றன.

திரும்பிவரும் இடைவெளியே பெரிதும் முடிவுசெய்தது என்ற கூற்றுக்கு உறைநிலம் எதிர்ச்சான்று போலத் தோன்றலாம். அங்கே நகர்வு மிக மெதுவானது. அலாஸ்காவின் வடசரிவில், புரூடோ விரிகுடாவை ஒட்டி, 1992 முதல் 2000 வரையிலான ஈ.ஆர்.எஸ். கோடைப் படங்களை ஆராய்ந்து 2010இல் வெளியான ஆய்வு, பருவந்தோறும் 1 முதல் 4 செ.மீ. தாழ்வையும், அதனோடு பத்தாண்டுக்கு 1 முதல் 4 செ.மீ. நிலையான தாழ்வையும் கண்டது. இதற்கு 35 நாள் சுழற்சியே போதுமானதாக இருந்தது. ஆனால் பனி மூடாத கோடை சில மாதங்களே நீடிப்பதால், ஒரு பருவத்தில் இரண்டோ மூன்றோ படங்கள்தாம் கிடைக்கும். அவற்றுக்கு நடுவே தாழ்வு எப்படி நடந்தது என்பதை ஊகித்தே நிரப்ப வேண்டும். இவ்வாய்வில் கவனத்துக்குரிய இடம் ஒன்றுண்டு. அதே பகுதியில் கம்பியைத் தரையில் குத்தி உருகல் ஆழம் அளந்தவர்கள், 1990களில் அந்த ஆழம் குறிப்பிடும்படி மாறவில்லை என்றே பதிந்திருந்தனர். பனிக்கட்டி மிகுந்த அடித்தளம் உருகும்போது மேற்பரப்பும் கூடவே இறங்குவதால் கம்பி அதைக் காட்டாமல் போயிருக்கலாம் என்பது ஆய்வாளர் தரும் விளக்கம்.

2014 முதல் சென்டினல்-1 ரேடார் செயற்கைக்கோள் வரிசை 12 நாளுக்கு ஒருமுறையும், இரு செயற்கைக்கோள்கள் இயங்கிய காலத்தில் ஆறு நாளுக்கு ஒருமுறையும் படம் தந்தது. 2021 டிசம்பரில் அவ்விரண்டில் ஒன்றான 1-பி செயலிழந்தது. நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து உருவாக்கிய நிசார் 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. சுமார் 24 செ.மீ. அலைநீளமும் 12 நாள் சுழற்சியும் கொண்ட அது, அண்டார்க்டிகாவின் உட்பகுதியை எட்டுவதற்காகத் தன் பாதைக்கு இடப்புறமாகவே பார்க்கும்படி அமைக்கப்பட்டுள்ளது.