பேச்சும் அளவையும்: ஹோதோர்ன் ஆய்வுகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

தொழில் நிறுவனங்களில் மனிதர் எவ்வாறு நடந்துகொள்கின்றனர் என்பதை முறைப்படி அறிய எழுந்த முயற்சிகளுள், ஹோதோர்ன் ஆய்வுகளைப் போல அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவனவும், அவற்றைப் போல அரைகுறையாக நினைவில் வைக்கப்படுவனவும் வேறில்லை எனலாம். முகாமைத்துவப் பாடநூல்களில் அவை ஒரு சிறுகதையாகச் சுருங்கிவிட்டன. விளக்கொளியைக் கூட்டினர், உற்பத்தி பெருகிற்று. குறைத்தனர், அப்போதும் பெருகிற்று. எனவே தாம் கவனிக்கப்படுகின்றோம் என்ற உணர்வே தொழிலாளரை ஊக்கியது என்பது அக்கதை. இது முற்றிலும் பொய்யன்று. ஆயின் ஆய்வாளர் எதனைத் தரவு எனக் கொண்டனர், எதனை இடையூறு எனத் தள்ளினர் என்ற வினாவை இக்கதை மறைத்துவிடுகின்றது. குறிப்பாக, ஆய்வுக்குட்பட்டோரின் பேச்சு ஓர் அறையில் குற்றமாகவும் மற்றோர் அறையில் அறிவின் ஊற்றாகவும் கொள்ளப்பட்டமை தனியே நோக்கத்தக்கது.

சிக்காகோ நகரை அடுத்த சிசரோவில் அமைந்திருந்த வெஸ்டேர்ண் இலெக்ரிக் நிறுவனத்தின் பெருந்தொழிற்சாலையே ஹோதோர்ன். தொலைபேசிக் கருவிகளைச் செய்த அத்தொழிற்சாலையில் 1920களின் பிற்பகுதியில் ஏறத்தாழ 40,000 பேர் பணியாற்றினர். 1924இல் அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் ஆதரவுடன் ஒளி பற்றிய பரிசோதனைகள் அங்கு தொடங்கின. நல்ல வெளிச்சம் நல்ல உற்பத்தியைத் தரும் என்பது நிறுவப்படின் மின்விளக்கு விற்போர் பயனடைவர். ஆகவே மின்தொழில் நிறுவனங்கள் இவ்வாய்வில் அக்கறை காட்டியதில் வியப்பில்லை. ஆனால் முடிவு அவர்களுக்கு உவப்பானதாக அமையவில்லை. ஒளி மாற்றப்பட்ட குழுவிலும் மாற்றப்படாத குழுவிலும் உற்பத்தி உயர்ந்தது. இரு பெண்கள் நிலவொளிக்கு நிகரான மங்கிய ஒளியிலும் வேலை குன்றாது உழைத்தனர். 1927இல் இப்பரிசோதனைகள் கைவிடப்பட்டன.

பல மாறிகள் ஒன்றோடொன்று கலந்தமையே குழப்பத்துக்குக் காரணம் என எண்ணிய தொழிற்சாலை அதிகாரிகள், சிறு குழுவொன்றைப் பிரித்தெடுத்து ஆராய முற்பட்டனர். 1927 ஏப்ரிலில் ஆறு பெண்கள் தனியறை ஒன்றுக்கு மாற்றப்பட்டனர். ஐவர் ரிலே எனப்படும் மின்காந்த ஆளியைப் பொருத்துவர். ஒருத்தி உறுப்புகளை எடுத்துக் கொடுப்பாள். ஏறத்தாழ 35 சிறு உறுப்புகளைச் சேர்த்து ஓர் ஆளியைப் பொருத்த ஒரு நிமிடமளவு செல்லும். முடிந்த ஆளியைச் சரிவுக்குழாய் ஒன்றில் இடும்போது, நகரும் காகித நாடாவில் ஒரு துளை விழும். அறையின் வெப்பமும் ஈரப்பதனும் குறிக்கப்பட்டன. பெண்கள் உறங்கிய நேரமும் உண்ட உணவும் வினாவப்பட்டன. குறித்த இடைவெளிகளில் மருத்துவப் பரிசோதனையும் நடைபெற்றது. ஓய்வு இடைவேளைகள் ஒழுங்காகக் கூட்டியும் மாற்றியும் பார்க்கப்பட்டன, வேலைநாள் குறுக்கப்பட்டது, சனிக்கிழமை வேலையும் ஒரு கட்டத்தில் நீக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளில் உற்பத்தி ஏறத்தாழ 30 சதவீதம் உயர்ந்தது.

இவற்றோடு, கூலி முறையும் மாறியது என்பது மனங்கொள்ளத்தக்கது. முன்னர் நூறு பேரளவிலான பகுதியொன்றின் மொத்த உற்பத்திக்கேற்பக் கூலி கணிக்கப்பட்டது. புதிய அறையில் அச்சிறு குழுவின் உற்பத்தி மட்டுமே அவர்களது கூலியைத் தீர்மானித்தது. ஒருத்தி கூடுதலாக உழைத்தால் அதன் பயன் அவளது கையிலேயே தெரியும்.

இனிப் பேச்சு பற்றிய செய்திக்கு வருதல் தகும். தமக்கு இயல்பான வேகத்தில் வேலை செய்யுமாறு கேட்கப்பட்ட பெண்கள், அதனை அவ்வாறே விளங்கிக்கொண்டு, தமக்குள் உரையாடினர், சிரித்தனர். அவதானி அவ்வுரையாடல்களைத் தம் குறிப்பேட்டிற் பதிந்தார். எனினும் எதிர்பார்த்த உற்பத்தி கிடைக்காதபோது அதே பேச்சு கண்டிப்புக்குரியதாயிற்று. கண்டிப்பும் எச்சரிக்கையும் பயன் தராமையால், 1928 ஜனவரியில் இருவர் அறையிலிருந்து அகற்றப்பட்டுப் பழைய பகுதிக்கு அனுப்பப்பட்டனர். அவர்களிடத்துக்கு வேகமாக வேலை செய்யக்கூடிய வேறிருவர் கொண்டுவரப்பட்டனர். வந்தோருள் ஒருத்தி தன் குடும்பத்தைத் தாங்கும் பொறுப்பினள். ஏனையோரை விரைவுபடுத்தும் தலைமையையும் அவளே ஏற்றாள். அதன்பின் உற்பத்தி விரைந்தேறியது.

பரிசோதனை நடுவே ஐந்து பொருத்துநருள் இருவர் மாற்றப்பட்டால், அதன்பின் கிடைக்கும் எண்கள் முன்னைய குழுவின் எண்களின் தொடர்ச்சியாகா. ஓர் இரசாயனவியல் மாணவன் கலவையிற் பாதியை மாற்றிவிட்டு அதே கலவையின் பெறுபேறு என்று எழுதினால் எந்தப் பரீட்சகரும் அதனை ஏற்கமாட்டார். ஆயினும் 1928இல் ஹாவாட் பல்கலைக்கழகத்திலிருந்து வந்து இவ்வாய்வுகளோடு இணைந்த எல்ரன் மேயோ, இந்த உயர்வை நட்பார்ந்த மேற்பார்வையின் பயனாகவும் குழுவுணர்வின் மலர்ச்சியாகவுமே விளக்கினார். பன்னிரண்டாம் கட்டத்தில் சலுகைகள் யாவும் நீக்கப்பட்டும் உற்பத்தி உயர்ந்தே நின்றது என்பது அவ்விளக்கத்தின் தலையாய சான்று. வாராந்த மொத்தத்தை நோக்கின் அது மெய்யே. ஆனால் அக்கட்டத்தில் வேலை மணிகள் கூடின. மணித்தியாலத்துக்குரிய உற்பத்தியோ குறைந்தது. எந்த எண்ணை எந்த எண்ணால் வகுப்பது என்பதிலேயே ஒரு கோட்பாடு தங்கியிருந்தது.

கூலியையும் ஓய்வையும் பிரித்தறிய வேறு இரு குழுக்கள் அமைக்கப்பட்டன. கூலி முறை மட்டும் மாற்றப்பட்ட குழுவின் உற்பத்தி 12 சதவீதமளவு உயர்ந்தது. பழைய முறை மீண்டதும் வீழ்ந்தது. இச்சான்றுக்கு உரிய இடம் அளிக்கப்படவில்லை.

இதற்கிடையில், 1928 முதல் தொழிற்சாலையெங்கும் நேர்முக உரையாடல்கள் நடத்தப்பட்டன. 21,000க்கு மேற்பட்டோர் பேசினர். முதலில் ஆயத்தமான வினாக்கள் இருந்தன. தொழிலாளர் வினாவை விட்டு வேறெதையோ பேச முற்படுவதைக் கண்ட ஆய்வாளர், 1929இல் முறையை மாற்றி, தொழிலாளர் விரும்பியதைப் பேசவிட்டுக் கேட்கலாயினர். அரை மணி நேர உரையாடல் ஒன்றரை மணியாக நீண்டது. முறையியல் நோக்கில் இஃது ஓர் உண்மையான முன்னேற்றமே. ஆயினும் கூலி பற்றியும் மேற்பார்வையாளர் பற்றியும் எழுந்த முறைப்பாடுகளைப் பேசுபவரின் சொந்த வாழ்வுத் துயரங்களின் வெளிப்பாடாகக் காணும் போக்கு மேயோவிடம் மேலோங்கியிருந்தது. கூலி போதாது என்றவனின் கூலி ஆராயப்படவில்லை. அவனது மனமே ஆராயப்பட்டது.

வட அவுஸ்திரேலியாவின் ஆதிக்குடிகளிடையே களஆய்வு செய்து திரும்பிய மானிடவியலாளர் லொயிட் வோணரின் ஆலோசனை இவ்வாய்வுகளுக்கு வேறொரு திசையைக் காட்டிற்று. 1931 நவம்பரில் 14 ஆண்கள் தனியறையில் அமர்த்தப்பட்டனர்: ஒன்பது கம்பி இணைப்போர், மூன்று பற்றாசு பிடிப்போர், இரு பரிசோதகர். இம்முறை எதுவும் மாற்றப்படவில்லை. ஓர் அவதானி அறைக்குள் அமர்ந்து கண்டதையும் கேட்டதையும் எழுதினார். நேர்முகம் காண்பவர் வெளியே தனித்திருந்தார். முதற் சில வாரங்களில் ஐயத்தோடு அடங்கியிருந்தோர் பின்னர் தம் இயல்புக்குத் திரும்பினர். ஒரு நாளுக்குரிய நியாயமான வேலை எவ்வளவு என்பதை நிறுவனம் அல்ல, அவர்களே வரையறுத்திருந்தனர். அதனை மிஞ்சுபவனும் குறைப்பவனும் கேலிக்குள்ளாயினர். மேற்புயத்தில் குத்தும் வாங்கினர். மேலிடத்துக்குக் காட்டிக்கொடுப்பவனோ முற்றாக வெறுக்கப்பட்டான். முந்திய அறையில் எந்தப் பேச்சு இருவரை வெளியேற்றியதோ, அந்தப் பேச்சே இங்கு ஆய்வின் பொருளாயிற்று.

மிகுதியாகச் செய்தால் கூலிவீதம் வெட்டப்படும், சிலர் வேலையிழப்பர் என அவ்வாண்கள் காரணம் கூறினர். 1939இல் வெளிவந்த ‘மனேஜ்மென்ற் அன்ட் த வேர்க்கர்’ என்னும் பெருநூலில் ரொத்லிஸ்பேகரும் டிக்சனும் இவ்வச்சம் அவர்களது அனுபவத்திற் பிறந்ததன்று என வாதித்தனர். 1932 மேயில் பொருளாதார மந்தத்தால் வேலையின்றி அவ்வறை மூடப்பட்டது என்பதை நினைவுகூர்வோர்க்கு, அச்சம் யாரிடம் பொருளற்றிருந்தது, எதிர்காலத்தை யார் தெளிவாகக் கண்டனர் என்ற ஐயம் எழாமற் போகாது.

‘ஹோதோர்ன் விளைவு’ என்ற தொடர் 1950களிலேயே வழக்குக்கு வந்தது. 1967இல் அலெக்ஸ் கேரி எழுதிய கடுமையான விமர்சனம், அகற்றப்பட்ட இரு பெண்களை மீண்டும் வரலாற்றுக்குள் கொண்டுவந்தது. 1978இல் பிராங்கும் கோலும் அதே எண்களைப் புள்ளிவிபரவியல் முறையால் ஆராய்ந்து, முகாமையின் ஒழுக்காற்று நடவடிக்கை, பொருளாதார மந்தம், ஓய்வு நேரம் என்பனவே உற்பத்தி மாற்றத்தின் பெரும்பகுதியை விளக்குகின்றன என்றனர். தொலைந்ததாகக் கருதப்பட்ட ஒளிப் பரிசோதனைத் தரவுகளும் பின்னர் கண்டெடுக்கப்பட்டன. 2011இல் அவற்றை ஆராய்ந்த லெவிற், லிஸ்ற் ஆகியோர், ஒளிமாற்றங்கள் ஞாயிற்றுக்கிழமைகளிலேயே செய்யப்பட்டமையால், திங்கட்கிழமையின் வழமையான உற்பத்தி உயர்வு ஒளியின் விளைவு போலத் தோன்றியதைக் காட்டினர். புகழ்பெற்ற அக்கதைக்கு அந்த எண்களில் வலுவான ஆதாரம் இருக்கவில்லை.

தனியறையோ அவதானியோ வேண்டாத ஆய்வு முறை இருபத்தோராம் நூற்றாண்டில் தோன்றிற்று. 2012 ஜனவரியில் பேஸ்புக் நிறுவனம் 6,89,003 பயனாளருக்குக் காட்டப்படும் செய்திகளில் மகிழ்ச்சிச் சொற்களையோ துயரச் சொற்களையோ ஒரு வார காலம் குறைத்து, அவர்கள் எழுதியவற்றிலுள்ள உணர்ச்சிச் சொற்களைக் கணினியால் எண்ணிற்று. பெறப்பட்ட வேறுபாடு ஆயிரம் சொற்களுக்கு ஒரு சொல் என்ற அளவினது. தாம் நோக்கப்படுவதை அறியாதாரிடம் ஹோதோர்ன் விளைவு நிகழாது. முறையியலார் நெடுங்காலம் விரும்பிய நிலை இதுவே. ஆனால் ரிலே அறைப் பெண்களுக்கு அவதானியின் முகமேனும் தெரிந்திருந்தது. அவர் கேட்கச் சிரிக்கவும் அவர்களால் முடிந்தது. 2014இல் இக்கட்டுரையை வெளியிட்ட அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகத்தின் சஞ்சிகை, சில வாரங்களுள், பங்குபற்றியோரின் சம்மதம் பெறப்பட்ட முறையும் அவர்கள் விலகுவதற்கான வாய்ப்பும் குறித்துக் கவலை தெரிவித்துப் பதிப்பாசிரியர் குறிப்பொன்றை வெளியிட்டது. தனியார் நிறுவனம் என்பதால், மனிதரைக் கொண்டு நடத்தும் ஆய்வுகளுக்கான அரச விதிகளுக்கு அமைய வேண்டிய கடப்பாடு பேஸ்புக்குக்கு இருக்கவில்லை என்பதையும் அக்குறிப்பே கூறிற்று.