தேதி சரி... ஆனாலும் 'தவறு' என்கிறதா ஆப்? ஒரு பிளஸ் குறி செய்யும் வேலை!

சரியான தேதியைத்தான் கொடுத்திருப்போம். ஆனாலும் 'தேதி வடிவம் தவறு' என்று ஆப் அடம்பிடிக்கும். ஏன்?

05/06/2025 என்றால் இந்தியாவில் ஜூன் 5. அமெரிக்காவில் மே 6. அதனால்தான் ஆப்பும் சர்வரும் பேசிக்கொள்ள உதவும் ஏபிஐ-கள் பல, ஆண்டு முதலில் வரும் ஐஎஸ்ஓ 8601 முறையைக் கேட்கின்றன: 2025-06-05, நடுவே ஆங்கில எழுத்து 'டி', பிறகு 10:30:00+05:30. கடைசியில் இருப்பது இந்திய நேரத்தின் அடையாளம்.

சிக்கலே அந்த பிளஸ்தான். இணைய முகவரிக்குள் அது போனால், பல சர்வர்கள் வெற்று இடைவெளியாகப் படித்துவிடும். பிளஸுக்குப் பதில் சதவீதக் குறி, 2, ஆங்கில 'பி' மூன்றையும் சேர்த்து டெவலப்பர் அனுப்பினால் சரியாகிவிடும்.

அவசரத்தில் சிலர் +05:30-ஐ எடுத்துவிட்டு, சர்வதேச நேரத்தைக் குறிக்கும் 'இசட்' எழுத்தைப் போட்டுவிடுவார்கள். எர்ரர் வராதுதான். ஆனால் காலை 10:30 மணி டாக்டர் அப்பாயின்ட்மென்ட், மாலை 4 மணிக்குப் பதிவாகியிருக்கும்!