தாழ் புவிச் சுற்றுப்பாதையில் தனியார் பயணமும் வணிக ஆய்வும்

புவிக்கு மேலே ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவரும் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு இன்று தனியார் நிறுவனங்கள் ஆட்களை அழைத்துப் போகின்றன. மருந்து நிறுவனங்கள் அங்கே புரதப் படிகம் வளர்க்கின்றன. புதிய முயற்சிபோலத் தோன்றும் இந்த இரண்டுக்கும் நாற்பது ஆண்டு வரலாறு உண்டு.

1984 ஆகஸ்டில் டிஸ்கவரி விண்வெளி ஓடத்தின் முதல் பயணத்தில் சார்லஸ் வாக்கர் என்ற பொறியாளர் சென்றார். அவர் நாசா ஊழியர் அல்லர். மெக்டானல் டக்ளஸ் நிறுவனம் தன் கருவியை இயக்க அனுப்பியவர். மின்புலத்தால் உயிர்ப்பொருள்களைப் பிரித்தெடுக்கும் கருவி அது. தரையில் கரைசல் சூடாகும்போது எழும் சுழற்சி அந்தப் பிரிப்பைக் கலைத்துவிடும். எடையின்மையில் அந்தத் தொல்லை இல்லை. சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொயட்டினைத் தூய்மையாகப் பெறுவது திட்டம். வாக்கர் மூன்று முறை பறந்தார். அதற்குள் ஆம்ஜென் நிறுவனம் அதே பொருளை மரபணுப் பொறியியலால் தரையிலேயே உருவாக்கிவிட்டது. மேலே செய்வதைக் கீழே மலிவாகச் செய்ய வழி பிறந்தால் விண்வெளித் தொழிற்சாலைக்கு வேலை இல்லை என்ற சிக்கல் அன்றே வெளிப்பட்டது, இன்றும் தீரவில்லை. 1986 ஜனவரியில் சேலஞ்சர் விபத்தில் ஏழு பேர் உயிரிழந்த பின், ஓடத்தில் நிறுவன ஊழியர்களுக்கு இருந்த இடமும் போயிற்று.

ஆனால் அந்தக் காலத்தில் உண்மையாகவே விலைக்கு வந்த விண்வெளிப் பொருள் ஒன்று உண்டு. ஓடத்தில் உருவான, 10 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள, ஒன்றுபோல் உருண்ட பாலிஸ்டைரீன் மணிகளை அமெரிக்கத் தர அளவை நிறுவனம் 1985-இல் விற்றது. நுண்ணோக்கிகளின் அளவைச் சரிபார்க்க ஆய்வகங்கள் அவற்றை வாங்கின.

அடுத்து வந்தது பயணிகளின் காலம். 1990 டிசம்பரில் ஜப்பானியப் பத்திரிகையாளர் தொயொஹிரோ அக்கியாமா தம் தொலைக்காட்சி நிறுவனத்தின் செலவில் சோவியத்தின் மிர் விண்வெளி நிலையம் சென்றார். 2001 ஏப்ரலில் அமெரிக்கத் தொழிலதிபர் டென்னிஸ் டிட்டோ, நாசாவின் எதிர்ப்பை மீறி, ரஷ்யாவின் சோயுஸ் கலத்தில் பன்னாட்டு நிலையம் போனார்; கட்டணம் சுமார் 2 கோடி டாலர் என்று சொல்லப்பட்டது. இவர்களைப் பொழுதுபோக்கப் போன செல்வந்தர்கள் என்று ஒதுக்குவது நியாயமல்ல. 2008-இல் சென்ற ரிச்சர்ட் காரியட் அங்கே புரதப் படிக ஆய்வு நடத்தினார். 2011-இல் ஓடங்கள் ஓய்வுபெற்றதும் சோயுஸ் இருக்கைகள் அரசு வீரர்களுக்கே தேவைப்பட்டன. அதன்பின் பத்தாண்டுகள் கட்டணப் பயணி எவரும் சுற்றுப்பாதைக்குப் போகவில்லை.

2019 ஜூனில் நாசா தன் மனத்தை மாற்றிக்கொண்டு, நிலையத்தை வணிகப் பயன்பாட்டுக்குத் திறப்பதாக அறிவித்தது. 2022 ஏப்ரலில் ஆக்சியம் ஸ்பேஸ் நிறுவனத்தின் முதல் குழு, ஸ்பேஸ்எக்ஸின் டிராகன் கலத்தில் அங்கே சென்றது. தலைவர் முன்னாள் நாசா வீரர் மைக்கேல் லோபஸ்-அலெக்ரியா. மற்ற மூவரும் தொழிலதிபர்கள். பத்து நாள் பயணம், வானிலை ஒத்துழைக்காததால் பதினேழு நாளாக நீண்டது. ஆய்வு அட்டவணையும் மிக நெருக்கமாக அமைந்துவிட்டது. அந்த அனுபவத்துக்குப் பின், தனியார் குழுக்களை நாசாவின் முன்னாள் வீரரே தலைமையேற்று நடத்த வேண்டும் என்று விதி வந்தது.

அதன் பிறகு வாடிக்கையாளர்களே மாறினார்கள். 2023-இல் சவுதி அரேபியாவின் முதல் விண்வெளி வீராங்கனை ரய்யானா பர்னாவி. 2024-இல் துருக்கியின் முதல் வீரர் அல்பர் கெசராவ்ஜி. 2025 ஜூன் 25 அன்று புறப்பட்ட நான்காம் பயணத்தில் இந்தியாவின் சுபான்ஷு சுக்லா, போலந்தின் ஸ்வாவோஷ் உஸ்னான்ஸ்கி, ஹங்கேரியின் திபோர் கபு. பெயர் தனியார் பயணம். பணம் பெரும்பாலும் அரசுகளுடையது. சொந்த ஏவுகலமும் நிலையமும் கட்டப் பல ஆண்டு ஆகும் நாட்டுக்கு இது குறுக்குவழியல்ல, நல்ல பயிற்சி.

அந்த நான்காம் பயணத்தின் புறப்பாட்டுக்கு முன் ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன் ஏவுகலத்தில் திரவ ஆக்சிஜன் கசிந்தது. கன்னியாகுமரி மாவட்டத்தில் பிறந்த இஸ்ரோ தலைவர் வி. நாராயணன், திரவ எரிபொருள் பொறியியலில் ஊறியவர். கசிவைச் சரிசெய்து சோதித்த பிறகே ஏவ வேண்டும் என்று அவருடைய குழு உறுதியாக நின்றது. அந்தப் பயணத்தில் நடந்த, 31 நாடுகள் பங்கேற்ற சுமார் 60 ஆய்வுகளில் ஏழு இந்திய நிறுவனங்களுடையவை. தசைச் செல்கள், நீர்க்கரடிகள், நுண்பாசி ஆகியவற்றோடு பச்சைப்பயறும் வெந்தயமும் அங்கே முளைவிட்டன. ஜூலை 15 அன்று குழு கலிபோர்னியாக் கரையை ஒட்டிய கடலில் இறங்கியது.

வணிக ஆய்வில் இதுவரை கிடைத்த பெரும்பயன், பொருளைவிட அறிவுதான். மெர்க் நிறுவனம் 2017-இல் கீட்ரூடா என்னும் புற்றுநோய் மருந்தின் புரதத்தை நிலையத்தில் படிகமாக்கியது. படிகங்கள் சிறியவையாகவும் சீரானவையாகவும் அமைந்தன. நரம்புவழி ஏற்றாமல் ஊசியாகப் போடும் வடிவத்துக்கு அது உதவக்கூடும் என்று எதிர்பார்க்கப்பட்டது. அங்கே கற்றதைக் கொண்டு, தரையிலும் அத்தகைய படிகங்களை ஆக்கும் முறைகளை ஆய்வாளர்கள் முயன்றார்கள். வார்டா நிறுவனம் வேறு வழியில் சென்றது: அதன் ஆளில்லாக் கலம் சுற்றுப்பாதையில் ரிட்டோனவிர் மருந்தைப் படிகமாக்கி, 2024 பிப்ரவரியில் யூட்டா பாலைநிலத்தில் இறங்கியது. மனிதர் இல்லாமலே வேலை நடக்குமானால் இருக்கைக்கு யார் பணம் தருவார்கள் என்ற கேள்வியை அது எழுப்பியிருக்கிறது.

பன்னாட்டு நிலையத்தை 2030-இல் ஓய்வுபெறச் செய்வதாகத் திட்டம். அதைப் பாதுகாப்பாகக் கீழிறக்கும் கலத்தை உருவாக்கும் பணி 2024 ஜூனில் ஸ்பேஸ்எக்ஸிடம் ஒப்படைக்கப்பட்டது. அதன் இடத்தை நிரப்ப ஆக்சியம், வாஸ்ட், ஸ்டார்லேப் ஆகிய நிறுவனங்கள் தத்தம் நிலையங்களை உருவாக்கி வருகின்றன.