செத்த முயல்களுக்குப் பெயர் வைத்தவர் யார்? – 19ஆம் நூற்றாண்டு நியூயோர்க்கின் சண்டியர் குழுக்கள்

‘ரவுடி’ என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று மாணவரிடம் கேட்டால் சினிமாவிலிருந்து என்பார்கள். தமிழுக்கு அது வந்த வழி அப்படியாகவும் இருக்கலாம். ஆனால் ஆங்கிலத்துக்கே அது புதிய சொல்தான். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் புழங்கத் தொடங்கி, அங்கிருந்து உலகம் முழுக்கப் போனது. இன்னொரு சொல்லையும் பாருங்கள். நாம் ‘மேசன் பாஸ்’ என்கிறோமே, அந்தப் ‘பாஸ்’ ஒல்லாந்தர் விட்டுப்போன சொல். அதே ஒல்லாந்தர் 1664 வரை மன்ஹட்டன் தீவையும் ஆண்டார்கள். அங்கே அதே சொல் வேறு பாதையில் வளர்ந்து, ஆட்களை வைத்து வேலை வாங்குகிற ‘பொஸ்’ ஆனது. நம்மிடம் கொத்தனாரைக் குறிக்கும் சொல், நியூயோர்க்கில் கட்சித் தலைவனைக் குறிக்கும் சொல்லாயிற்று. ரவுடிக்கும் பொஸ்ஸுக்கும் அந்த நகரத்தில் என்ன உறவு இருந்தது என்பதே இக்கட்டுரை.

குளத்தை மூடி எழுப்பிய சேரி

மன்ஹட்டனின் தென்பகுதியில் ‘கலெக்ட்’ என்றொரு நன்னீர்க் குளம் இருந்தது. தோல் பதனிடுவோரும் இறைச்சிக்காரரும் கழிவைக் கொட்டிக் கொட்டி அதைச் சாக்கடையாக்கினார்கள். 1810களின் தொடக்கத்தில் நகரம் குளத்தை மண்ணால் மூடி அதன்மேல் வீடு கட்டியது. சரியாக நிரப்பப்படாத நிலம் மெல்லத் தாழ்ந்தது. சுவர்கள் சரிந்தன, நிலவறைகளில் நீர் ஏறியது, நாற்றம் எழுந்தது. வசதியுள்ளவர்கள் போய்விட்டார்கள். வாடகை குறைந்த இடத்துக்கு வறியவர்கள் வந்தார்கள். தெருக்கள் சந்தித்து ஐந்து முனைகள் உண்டான அந்த இடத்துக்கு ‘ஃபைவ் பொயின்ட்ஸ்’ என்று பெயர்.

வந்தவர்களில் விடுதலை பெற்ற கறுப்பினத்தார் இருந்தார்கள், ஜேர்மானியர் இருந்தார்கள். 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பெரும்பஞ்சம் தொடங்கிய பின் ஐரிஷ் கத்தோலிக்கர் வெள்ளமாக வந்தார்கள். அந்தப் பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் மாண்டார்கள். அதற்கும் மேற்பட்டோர் நாட்டை விட்டுப் போனார்கள். 1820இல் சுமார் 1,23,000 ஆக இருந்த நியூயோர்க்கின் சனத்தொகை 1860இல் எட்டு இலட்சத்தைத் தாண்டியது. 1850களின் நடுவில் நகரவாசிகளில் நால்வரில் ஒருவருக்கு மேல் அயர்லாந்தில் பிறந்தவர்.

வந்தவர்களுக்கு வரவேற்பு இருக்கவில்லை. இவர்களின் விசுவாசம் பாப்பரசருக்கே, நாட்டுக்கு அல்ல என்ற பிரசாரம் ஓங்கியது. 1844இல் பிலடெல்பியாவில் கத்தோலிக்கக் கோயில்கள் எரிக்கப்பட்டன. நியூயோர்க்கில் அப்படி நடக்காதிருக்க ஆயர் ஜோன் ஹியூஸ் தம் கோயில்களுக்கு ஆட்களைக் காவல் நிறுத்த வேண்டியிருந்தது. 1850களில் ‘ஒன்றும் தெரியாதோர்’ எனப் பெயர் பெற்ற கட்சி, வந்தேறிகள் குடியுரிமைக்கு 21 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்று கேட்டது. யாராவது கட்சியைப் பற்றி விசாரித்தால் ‘எனக்கு ஒன்றும் தெரியாது’ என்று சொல்ல வேண்டும் என்பது உறுப்பினருக்கு விதி. அதிலிருந்து வந்த பெயர் அது.

தீயணைப்பும் வாக்குச்சீட்டும்

சண்டியர் குழு என்றதும் கொள்ளைக் கூட்டம் என்று நினைத்துக்கொள்கிறோம். அன்றைய நியூயோர்க்கில் கதை வேறு மாதிரி. பௌவரி வீதியைச் சேர்ந்த ‘பௌவரி போய்ஸ்’ பெரும்பாலும் அமெரிக்காவிலேயே பிறந்த உழைப்பாளி இளைஞர்கள். பகலில் இறைச்சிக்கடையிலும் பட்டறையிலும் வேலை, மணி அடித்தால் தீயணைக்க ஓட்டம். அக்காலத்தில் தீயணைப்பு சம்பளமில்லாத தொண்டர் வேலை. எந்தக் குழு முதலில் தண்ணீர்க் குழாயைப் பிடிப்பது என்று இரண்டு குழுக்கள் அடிபிடிப்படும்போது வீடு எரிந்துகொண்டிருக்கும். 1848இல் இந்த வகை இளைஞன் ஒருவன், மோஸ் என்ற பெயரில் நாடக மேடை ஏறி நகரம் முழுவதும் பிரபலமானான்.

இவர்களுக்கு எதிரே ஃபைவ் பொயின்ட்ஸின் ஐரிஷ் குழுக்கள். இரு பக்கத்தாருக்கும் பின்னால் கட்சிகள் நின்றன. அதற்கு வசதியாக இருந்தது அன்றைய வாக்களிப்பு முறை. வாக்குச்சீட்டை அரசு அச்சிடவில்லை. கட்சிகளே அச்சிட்டு வாசலில் கொடுத்தன. யார் எந்தச் சீட்டைப் பெட்டியில் போடுகிறார் என்பது எல்லாருக்கும் தெரியும். அப்படியென்றால் வாக்குச்சாவடி வாசலில் நாலு தடியர் நின்றால் போதும், பாதி வேலை முடிந்துவிடும். அந்த நாலு பேருக்குக் கூலி காசாக மட்டும் வரவில்லை. மாநகர சபையில் ஒரு வேலை, ஒரு மதுக்கடை அனுமதி, பிடிபட்டால் பிணை என்று வந்தது. ஜனநாயகக் கட்சியின் நியூயோர்க் அமைப்பான டமனி ஹோல் இந்தக் கொடுக்கல் வாங்கலைப் பெரும் கலையாகவே வளர்த்தது.

வில்லியம் பூல் என்ற இறைச்சிக்காரன் ஐரிஷ்காரருக்கு எதிரான தரப்பின் பெருஞ்சண்டியன். அவனுடைய பகையாளி அயர்லாந்தில் பிறந்த குத்துச்சண்டைக்காரன் ஜோன் மொரிஸி. 1855 பெப்ரவரியில் ஒரு மதுக்கடையில் மொரிஸியின் ஆட்கள் பூலைச் சுட்டார்கள். மார்ச் 8ஆம் திகதி அவன் இறந்தான். 2002இல் வெளியான திரைப்படம் அந்தப் பாத்திரத்தை 1863 வரை உயிரோடு வைத்திருப்பது கதையின் வசதிக்காக. மொரிஸி என்ன ஆனான்? 1860களில் அமெரிக்கக் காங்கிரசில் உறுப்பினராக அமர்ந்தான். தெருவுக்கும் சபைக்கும் இடையிலான தூரம் அவ்வளவுதான்.

1857: ஒரு நகரம், இரண்டு பொலிஸ்

1857இல் நடந்ததோ பெரிய கூத்து. மேயர் பெர்னாண்டோ வூட் டமனி வழியில் வந்தவர். மாநகரப் பொலிஸ் அவர் கையில் இருந்தது. அவருடைய எதிரிகள் ஆதிக்கம் செலுத்திய மாநிலச் சட்டசபை அந்தப் பொலிஸைக் கலைத்துப் பதிலாக ‘மெட்ரோபொலிட்டன்’ பொலிஸை உருவாக்கியது. வூட் கலைக்க மறுத்தார். சில வாரங்கள் ஒரே நகரத்தில் இரண்டு பொலிஸ் படைகள் சுற்றின. ஜூன் 16ஆம் திகதி மேயரைக் கைதுசெய்யப் போன புதிய பொலிஸாரைப் பழைய பொலிஸார் நகர மண்டபப் படிகளிலேயே தடியால் அடித்தார்கள். கடைசியில் இராணுவம் தலையிட்டது. ஜூலை தொடக்கத்தில் நீதிமன்றத் தீர்ப்பு வூட்டுக்கு எதிராக வர, பழைய பொலிஸ் கலைந்தது.

அடுத்த நாள் ஜூலை 4, சுதந்திர தினம். புதிய பொலிஸார் மீது ஐரிஷ்காரருக்குக் கோபம். மதுக்கடைகளைக் கட்டுப்படுத்திய புதிய சட்டத்தின் மீதும் கோபம். பௌவரிக்காரர் புதிய பொலிஸின் பக்கம் நின்றார்கள். பேயார்ட் தெருவில் தடுப்பரண் எழுந்தது, கூரைகளிலிருந்து செங்கல் மழை பொழிந்தது. எட்டுப் பேர் இறந்தார்கள், பலர் காயப்பட்டார்கள். வரலாற்று நூல்கள் இதை ‘செத்த முயல்கள் கலவரம்’ என்கின்றன.

யார் இந்தச் செத்த முயல்கள்? பத்திரிகைகள் ஃபைவ் பொயின்ட்ஸ் கும்பலுக்கு இட்ட பெயர் அது. அந்தத் தெருக்காரர்களோ, அப்படி ஒரு குழு எங்களிடம் இல்லை, சண்டை பிடித்தது ‘ரோச் கார்ட்’ என்று மறுத்தார்கள். ‘செத்த முயல்’ என்பது உடல் வலுவுள்ள முரடனைக் குறிக்கும் தெருவழக்கு என்று முன்னாள் பொலிஸ் தலைவர் ஜோர்ஜ் மட்செல் 1859இல் வெளியிட்ட கொச்சைச் சொல் அகராதி சொல்கிறது. அதாவது ஒரு வசைச்சொல் இயக்கத்தின் பெயராக ஆகியிருக்கிறது. வரலாற்றாசிரியர் டைலர் அன்பைன்டர் இந்தப் பெயரில் ஒரு குழு இருந்ததா என்றே ஐயப்படுகிறார். மறுத்தவர் குரல் அன்றைய தாளோடு போயிற்று. அச்சில் ஏறிய பெயர் நிலைத்துவிட்டது.

ஊதிப் பெருத்த கதைகள்

இந்தக் குழுக்களைப் பற்றி உலகம் அறிந்தவை அநேகமாக ஹேர்பர்ட் அஸ்பரி 1928இல் எழுதிய நூலிலிருந்து வந்தவை. ஃபைவ் பொயின்ட்ஸில் ‘பழைய மதுவடிசாலை’ என்றொரு குடியிருப்பு இருந்தது. அங்கே ஏறத்தாழ 15 ஆண்டுகள் இரவுக்கு ஒரு கொலை வீதம் நடந்தது என்று அந்நூல் சொல்லும். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரே கட்டடத்தில் ஐயாயிரம் கொலைகளுக்கு மேல்! யாரும் நம்ப முடியாத கணக்கு. ஆனால் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டே வந்தது.

இதனால் அங்கே வன்முறை இருக்கவில்லை என்று ஆகாது. பாதிக்கப்பட்டவர் பாதிப்பவராக மாறியதையும் மறைக்கக் கூடாது. 1863இல் உள்நாட்டுப் போருக்குக் கட்டாய ஆட்சேர்ப்பு வந்தது. 300 டொலர் கொடுத்தால் விலகலாம். பணக்காரன் காசைக் கட்டினான், ஏழையின் பெயர் குலுக்கலில் விழுந்தது. ஜூலை 13 முதல் நான்கு நாட்கள் நகரம் எரிந்தது. கோபம் சட்டத்தின் மீது தொடங்கிக் கறுப்பினத்தார் மீது திரும்பியது. கறுப்பினப் பிள்ளைகளின் அநாதை இல்லத்தைக் கொளுத்தினார்கள். பிள்ளைகள் உயிர் தப்பியது அல்லாஹ்வின் காவல் என்றே சொல்ல வேண்டும். ஆண்கள் பலரைத் தெருவில் தூக்கிலிட்டார்கள். இறந்தோர் தொகை நூறைத் தாண்டியது. கலகக்காரரில் ஐரிஷ்காரரே அதிகம். அவர்களை அடக்க நின்ற பொலிஸாரிலும் ஐரிஷ்காரர் பலர். ஒரு சமூகத்தை ஒரே பெயரால் அழைக்க முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மண்ணுக்கடியில் கிடைத்த சாட்சி

1865இல் தொண்டர் தீயணைப்புக் குழுக்களுக்குப் பதில் சம்பளப் படை வந்தது. தீயணைப்புக் குழுத் தலைவனாகத் தொடங்கி டமனியின் பெரிய பொஸ் ஆன வில்லியம் ட்வீட், ஊழலில் சிக்கி 1878இல் சிறையில் இறந்தான். கட்சிகள் சார்பில் அடிவாங்கிய எத்தனையோ இளைஞரின் பெயர் எங்கும் இல்லை. சேரியின் பெரும்பகுதியை இடித்து 1897இல் பூங்கா திறந்தார்கள்.

1991இல் ஒரு நீதிமன்றக் கட்டடத்துக்கு அத்திவாரம் தோண்டியபோது பழைய ஃபைவ் பொயின்ட்ஸ் வெளிப்பட்டது. சுமார் எட்டரை இலட்சம் பொருட்கள். கத்தியும் துப்பாக்கியுமாக வரும் என்று எதிர்பார்த்தவர்களுக்குத் தேநீர்க் கோப்பைகள், நல்ல பீங்கான் தட்டுகள், பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்கள், தையற்காரரின் ஊசிகள் கிடைத்தன. மதுவுக்கு எதிராக ஐரிஷ் மக்களிடம் பிரசாரம் செய்த மத்தியூ அடிகளாரின் படம் பொறித்த கோப்பையும் அவற்றில் ஒன்று. பழைய வங்கிப் பதிவேடுகளும் இதையே சொல்கின்றன. பஞ்சத்தில் வெறுங்கையோடு வந்த கூலிகள் சில ஆண்டுகளில் கணிசமான தொகை சேமித்திருக்கிறார்கள்.

அந்தப் பொருட்கள் உலக வர்த்தக மையத் தொகுதியின் ஒரு கட்டடத்தில் வைக்கப்பட்டிருந்தன. 2001 செப்டெம்பர் 11இல் அவையும் அழிந்தன. வேறிடத்துக்கு இரவலாகப் போயிருந்த 18 பொருட்களே மிச்சம்.

முயலின் கதையைச் சொல்லத் திரைப்படமும் நூலும் இருக்கின்றன. அந்தத் தெருவில் தைத்து, சுமந்து, சேமித்து, பிள்ளை வளர்த்தவர்களின் கதையைச் சொல்ல இருந்த எட்டரை இலட்சம் சாட்சிகளில் 18 மட்டுமே கைக்குத் தப்பின. ஒரு ஊரைப் பற்றி வெளியார் வைத்த பெயரை நாம் எழுதும்போது, அந்த ஊராரின் பதிவேட்டையும் ஒருமுறை திறந்து பார்ப்பது ஆய்வாளரின் கடமை. திறக்கத் தாமதித்தால், சில வேளை திறப்பதற்கே ஒன்றும் இராது.