பெய்ரூட்டில் வெடித்தது அணுகுண்டு அல்ல, ஏன்?

2020 ஆகஸ்டு 4ஆம் தேதி லெபனான் தலைநகர் பெய்ரூட்டின் துறைமுகம் வெடித்துச் சிதறியது. குடைக் காளான் போல எழுந்த வெண்மேகத்தைக் காணொளியில் பார்த்த பலர், அது அணுகுண்டு என்றே நம்பினார்கள். வெடித்தது, கிடங்கில் பல ஆண்டுகளாகக் கிடந்த 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட். யூரியாவைப் போலப் பயிருக்குத் தழைச்சத்து தரும் உரம் அது. பாறை தகர்க்கும் வெடிமருந்திலும் அதைச் சேர்ப்பார்கள்.

வெடிமருந்து வெடிக்கும்போது அணுக்களுக்கு இடையிலான பிணைப்புகள் அறுந்து, புதிய பிணைப்புகள் உண்டாகின்றன. திடப்பொருள் நொடிப்பொழுதில் சூடான வாயுக்களாக மாறி விரிகிறது. அந்த அழுத்தமே கட்டடங்களைச் சாய்க்கிறது. ஆனால் நைட்ரஜன் அணு நைட்ரஜனாகவே இருக்கும், ஆக்சிஜனும் அப்படித்தான்.

அணுக்கருப் பிளவில் அணுவே மாறிவிடுகிறது. யுரேனியம்-235 அணுவின் கருவில் நியூட்ரான் ஒன்று மோதினால், கரு இரண்டாகப் பிளந்து வேறு தனிமங்களாகிறது. அப்போது வெளிவரும் இரண்டு மூன்று நியூட்ரான்கள் அடுத்தடுத்த கருக்களைப் பிளக்கின்றன. ஒரு கருவின் பிளவு தரும் ஆற்றல், டிஎன்டி வெடிமருந்தின் ஒரு மூலக்கூறு தருவதைவிட ஏறக்குறைய 2 கோடி மடங்கு அதிகம்.

1945 ஆகஸ்டு 6ஆம் தேதி ஹிரோஷிமாவில் போடப்பட்ட குண்டில் இருந்தது சுமார் 64 கிலோ யுரேனியம். அதில் பிளந்தது ஒரு கிலோவுக்கும் குறைவு. அதற்கே ஏறத்தாழ 15,000 டன் டிஎன்டியின் வலு இருந்தது. கப்பல் சரக்காக வந்திறங்கிய பெய்ரூட் உரத்தின் வலுவோ, பல மதிப்பீடுகளின்படி 500 முதல் 1,000 டன் டிஎன்டிதான். வேடிக்கை என்னவென்றால், ஹிரோஷிமா குண்டுக்குள்ளும் சாதாரண வெடிமருந்து இருந்தது. ஒரு யுரேனியத் துண்டை மற்றொன்றின்மீது பீரங்கிபோலச் செலுத்த அதுவே தேவைப்பட்டது.

காளான் மேகத்தை மட்டும் பார்த்து அணுகுண்டு என்று சொல்லிவிட முடியாது. பெய்ரூட்டின் வெண்மேகம், அதிர்வலையில் கடற்காற்றின் ஈரம் சட்டெனக் குளிர்ந்து நீர்த்துளிகளாக ஒடுங்கி உருவான மூடுபனித்திரை. அடுத்து எழுந்த செம்பழுப்புப் புகைதான் துப்பு. அது நைட்ரஜன் டைஆக்சைடின் நிறம்.

பெய்ரூட்டில் 200க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களைக் கொன்றவை அதிர்வலையும் இடிபாடுகளும் கண்ணாடிச் சில்லுகளும். ஹிரோஷிமாவில் தீக்காயம் இல்லாமல் தப்பியவர்களிலும் பலருக்குச் சில வாரங்களில் முடி கொட்டியது, ஈறுகளில் இரத்தம் கசிந்தது. மருத்துவர்களுக்கு முதலில் காரணம் புரியவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் அங்கே இறந்தவர்கள் சுமார் 1,40,000 பேர்.