சிரிப்புக்கு அஞ்சிய சட்டங்கள்

கலா ஓயா பெருக்கெடுத்தால் எலுவன்குளத்துச் சப்பாத்துப் பாலம் நீரில் மூழ்கும். மன்னார் செல்லும் பழைய காட்டுப்பாதை துண்டிக்கப்படும். நாடக மண்டபங்களோ தொலைவில், தலைநகரில். எனினும் தெற்கே உடப்பிலும், வடக்கே மன்னார்க் கரையிலும் கூத்து நெடுங்காலம் வாழ்ந்து வந்திருக்கிறது. தமிழ்க் கூத்திலே அரசனுக்கு முன்னர் களரிக்கு வருபவன் கட்டியகாரன். அரசன் புகழைக் கூறுவது அவன் தொழில். இடையிடையே ஊர்ப் பெரியவர்களைப் பகிடி பண்ணுவது அவன் உரிமை.

இன்று நகர மண்டபங்களிலே நுழைவுச்சீட்டுப் பெற்று அமர்ந்து, ஒலிவாங்கியின் முன் தனித்து நிற்கும் ஒருவரின் பேச்சுக்கு மக்கள் சிரிக்கின்றனர். இதனை மேனாட்டுச் சரக்கு என்பர் சிலர். பெயர் மேனாட்டது, வழக்கமோ நமக்குப் புதிதன்று. கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் (1908–1957) ‘கிந்தனார்’ கதாகாலட்சேபத்தை மேடையேற்றினாரே, அது வேறென்ன? நந்தன் இறைவனைக் காணத் தில்லைக்கு ஏங்கினான்; கிந்தன் கல்வி தேடிப் பட்டணத்துக்கு ஏங்கினான். மக்கள் சிரித்தார்கள். சிரித்தபோதே, ஒடுக்கப்பட்டவனுக்குப் பள்ளிக்கூடக் கதவை அடைத்தவர் யார் என்ற கேள்வியும் அவர்கள் நெஞ்சில் தைத்தது.

இத்தகைய சிரிப்பை ஆள்வோர் என்றுமே விரும்பியதில்லை. வேல்சு இளவரசரைத் தம் இல்லத்தில் வரவேற்ற வழக்கறிஞர் ஒருவரைக் கல்கத்தா மேடையொன்று நையாண்டி செய்தது. உடனே தடையாணை பிறந்தது. 1876 இல் அதுவே நாடக நிகழ்ச்சிகள் சட்டமாயிற்று. ஒரு கேலி நாடகத்துக்கு அஞ்சிப் பேரரசு செய்த சட்டம் அது! இலங்கையில் மருதானை டவர் மண்டபம் 1911 இல் திறக்கப்பட்டது. பொதுக்காட்சிகள் கட்டளைச்சட்டம் 1912 இல் வந்தது.

அந்நியர் ஆட்சி அகன்ற பின்னரும் அச்சம் அகலவில்லை. திருவாரூர் கே. தங்கராசு எழுதிய ‘இரத்தக் கண்ணீர்’ நாடகத்தில் எம். ஆர். ராதா அன்றன்றைய செய்திகளை மேடையிலேயே எடுத்து நகையாடுவார். எழுத்துப் பிரதியில் இல்லாத சொல்லைத் தணிக்கை செய்வது எங்ஙனம்? சென்னை அரசு 1954 இல் புதிய நாடகச் சட்டம் இயற்றியது. ராதாவின் இராமாயண நாடகமே அதன் இலக்கு என்று பரவலாகப் பேசப்பட்டது. எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில், 2013 இல், சென்னை உயர் நீதிமன்றம் அச்சட்டத்தை அரசியலமைப்புக்கு முரணானதெனத் தள்ளியது. ராதா மறைந்து அப்போது முப்பத்துமூன்று ஆண்டுகள் கடந்திருந்தன!

வரலாறு அத்துடன் முடிந்ததா? 2023 மே மாதம், கொழும்பு மேடையில் பேசிய பகிடிக்காக நகைச்சுவைக் கலைஞர் நதாஷா எதிரிசூரிய கைது செய்யப்பட்டார். மேல் நீதிமன்றம் பிணை வழங்கும்வரை ஐந்து வாரங்களுக்கு மேல் அவர் காவலில் இருந்தார். அவர்மீது பாய்ந்தது, குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் பெயரால் 2007 இல் இயற்றப்பட்ட சட்டம். உரிமையைக் காக்க வந்த சட்டமே உரிமையைப் பூட்டும் விலங்காயிற்று.

எல்லாச் சிரிப்பும் நல்ல சிரிப்பன்று. எளியவனின் சாதியையும் ஊனத்தையும் கேலி செய்து கைதட்டல் பெறுவோரும் உளர். அத்தகைய கேலியைக் கண்டு அதிகாரம் அஞ்சியதில்லை. ஆகவே, மண்டபத்துக்குச் செல்லும் மாணவர்களும் ஆசிரியர்களும் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு: இச்சிரிப்பு யாரைச் சுடுகிறது? வலியவரைச் சுடுமாயின், அதைக் காப்பது நம் கடமை. கட்டியகாரனின் வாயைக் கட்டிவிட்டால், களரியில் எஞ்சுவது அரசனின் துதி மட்டுமே.